டிரான்ஸ் கார்டு வரிசை: சென்னையில் பயின்ற வரலாறு

டிரான்ஸ் எனும் மின்னணு நடன இசையைத் தாங்கி ஓடுவது கார்டு வரிசை. மூன்று ஸ்வரங்கள் சேர்ந்து ஒலித்தால் அது ஒரு கார்டு. அப்படி நான்கு கார்டுகள், பெரும்பாலும் மைனர் ஸ்கேலில், பாட்டு முழுக்கச் சுற்றிச் சுற்றி வரும். 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட், பெர்லின் கிளப்புகளில் இந்த இசை உருவெடுத்தது. சென்னைப் பிள்ளைகள் இதைத் தேடிப் படிப்பது அண்மைக்காலப் பழக்கம். ஆனால் கார்டு படிப்பது இங்கே பழைய கதை. நொச்சிக்குப்பத்துக் கடற்கரையில் நின்றால் வடக்கே ஜார்ஜ் கோட்டை, மேற்கே லஸ் முனை, தெற்கே சாந்தோம் பேராலயம். அந்தக் கதையில் பாதிக்கு மேல் இந்த எல்லைக்குள்ளேயே நடந்தது.

கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு வாசித்ததை, மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் இருந்த ராமசாமி தீட்சிதர் குடும்பம் கேட்டது. பாலுசாமி தீட்சிதர் வயலின் கற்று அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். அவருடைய அண்ணன் முத்துசாமி தீட்சிதர் (1775–1835) பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரங்கள் எனப்படும் இவை சங்கராபரணத்தில் அமைந்தவை. பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டில் ‘சந்ததம் பாஹிமாம்’ என்று ஒன்றும் உண்டு. பேண்டு வாசிப்பில் மெட்டுக்கு அடியில் கார்டுகளும் ஒலித்திருக்கும். தீட்சிதர் மேலே ஓடிய மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். அதில் குறையொன்றுமில்லை. தம்பூரா ச-ப பிடித்துக்கொண்டிருக்கும் இசையில் அடிஸ்வரம் நகர வேண்டிய தேவையே கிடையாது.

கார்டு உள்ளே வந்த வழி சர்ச் ஆர்கனும் கொயரும். 1896இல் இன்றைய வடிவம் பெற்ற சாந்தோம் பேராலயம் போன்ற இடங்களில் நான்கு குரலில் பாடுவது ஞாயிற்றுக்கிழமை வழக்கம். மவுண்ட் ரோட்டில் மிஸ்கித் என்பவர் 1842இல் தொடங்கிய கடை பின்னாளில் மியூசி மியூசிக்கல் ஆயிற்று. பியானோ விற்றதோடு, லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வுகளுக்கும் அதுவே சென்னையின் வாசல். கிரேடு எழுதுவது என்றால் அங்கே போவதுதான்.

ஆனால் தமிழ் இசையின் போக்கை மாற்றிய வகுப்பு மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறையில் நடந்தது. தன்ராஜ் மாஸ்டர் அங்கே பியானோ, நொட்டேஷன், ஹார்மனி, கவுண்டர்பாயிண்ட் சொல்லிக்கொடுத்தார். 1960களின் இறுதியில் சென்னைக்கு வந்த இளையராஜா அவரிடம் பாக், மொசார்ட் எல்லாம் படித்தார். டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிதார் தேர்வில் தங்கப் பதக்கமும் பெற்றார். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தது. நாட்டுப்புற மெட்டு மேலே ஓட, கீழே பேஸ் தனக்கென ஒரு மெட்டோடு நகர்வது அதன்பிறகு தமிழ்க் காதுகளுக்குப் பழகிப்போனது. பிற்பாடு அதே மாஸ்டரிடம் சிறுவன் திலீப்பும், அதாவது ஏ.ஆர். ரஹ்மானும், படித்தார். 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா சீக்வென்ஸர் பயன்படுத்தியபோது அதில் வேலை செய்தவரும் திலீப்தான். ‘ரோஜா’ வந்தது 1992இல். சென்னையில் மின்னணு இசைக்கு விதை எது என்று கேட்டால் மென்பொருளைவிட அந்த லாட்ஜ் அறையைத்தான் நான் முதலில் சொல்வேன்.

மாஸ்டரிடம் போக முடியாதவர்களுக்கு கேசியோ இருந்தது. கேசியோ கார்டு முறையில் இடது பக்கம் ஒரு கட்டையை அமுக்கினால் மேஜர், கூடவே வலப்பக்கம் இன்னொன்று சேர்த்தால் மைனர், மூன்று கட்டை என்றால் செவன்த். யமஹாவில் மைனருக்கு மூலக் கட்டையோடு அதன் இடப்பக்கக் கறுப்புக் கட்டையைச் சேர்க்க வேண்டும். குப்பங்களின் கானா மேடைகளிலும் டோலக்கோடு கீபோர்டு சேர்ந்துகொண்டது. விரல் பழகும் வேகம் இதில் அதிகம். கார்டுக்குள் எந்த ஸ்வரங்கள் இருக்கின்றன என்பது மட்டும் தெரியாமலே போய்விடும். 1990களின் இறுதியில் பெல்ஜியத்திலிருந்து வந்த ஃப்ரூட்டி லூப்ஸ், இன்றைய எஃப்எல் ஸ்டூடியோ, அந்தக் குறையைத் தீர்த்தது. பியானோ ரோலில் ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு கோடாகக் கண்ணுக்குத் தெரியும். ஒரே கிளிக்கில் முழு கார்டையும் பதிக்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டவன் மறுபடி கேசியோ காலத்துக்கே போய்விடுகிறான். ரஹ்மான் 2008இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி வந்தபின் ஹார்மனியும் மியூசிக் டெக்னாலஜியும் ஒரே கூரையின்கீழ் கிடைத்தன.

டிரான்ஸ் கற்பவர்கள் முதலில் போடுவது ஏ மைனர், எஃப், சி, ஜி. ஏ-யை ஷட்ஜமாக வைத்தால் இந்த ஸ்கேல் 20ஆவது மேளமான நடபைரவி. முதல் கார்டு ச-க-ப, அடுத்தது த-ச-க, மூன்றாவது க-ப-நி, நான்காவது நி-ரி-ம. முதல் மூன்றுக்கும் காந்தாரம் பொது. நான்காவதில் அது இல்லை. மேலே மெட்டை வாசிக்கும் லீடு காந்தாரத்தையே பிடித்துக்கொண்டிருந்தால் மூன்று கார்டு வரை சுகமாக இருக்கும், ஜி வந்ததும் உறுத்தும், ரிஷபத்துக்கு இறங்கினால் சரியாகிவிடும். டிரான்ஸின் ஏக்கம் என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு இந்த உறுத்தலும் இறக்கமும்தான். நிமிடத்துக்கு 138 தட்டு என்ற வழக்கமான வேகத்தில், கார்டுக்கு நான்கு தட்டு வீதம், ஒரு சுற்று ஏறக்குறைய 7 விநாடி. தட்டை அட்சரமாக எண்ணினால் ஆதி தாளம் இரண்டு ஆவர்த்தனம். 1996இல் ரோலண்ட் வெளியிட்ட ஜேபி-8000 சிந்தசைசரின் சூப்பர்சா ஒலி இந்தக் கார்டுகளுக்கு அகலம் கொடுத்தது.

எல்லா ராகமும் இப்படி இடம் கொடுக்காது. 8ஆவது மேளமான தோடியை மேற்கத்தியர் பிரிஜியன் என்பார்கள். ஆனால் தோடிக் காந்தாரம் அசைந்தால்தான் தோடி. அதை கார்டுக்குள் அசையாமல் நிறுத்தினால் பிரிஜியன் மட்டும் மிஞ்சும்.

டிரான்ஸிலேயே கார்டைக் கைவிட்ட கிளை ஒன்று உண்டு, அது வளர்ந்தது நம் நாட்டுக் கடற்கரையில். கோவாவின் அஞ்சுனாவில் 1980களின் விருந்துகளிலிருந்து கிளம்பிய கோவா டிரான்ஸ், ஒரே அடிஸ்வரத்தில் நின்றுகொண்டு மெட்டையும் ஒலியையும் மட்டும் மாற்றிப் போகும். அந்தக் கிளை உருவாகும் முன்பே, 1982இல், பம்பாய் ஸ்டூடியோக் கலைஞர் சரண்ஜித் சிங் ரோலண்ட் 808, 303 இயந்திரங்களை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு ரெக்கார்டு வெளியிட்டார். அன்று அதை யாரும் கண்டுகொள்ளவில்லை; 2010இல் மறுபடி வெளிவந்தபோதுதான் உலகம் காதுகொடுத்தது. அதிலும் கார்டு நகராது.

ஆக, சுருதிப் பெட்டியோடு வளர்ந்த மயிலாப்பூர்க் காதுக்கு கோவா வகை உடனே பிடிபடும். ஜெர்மன் வகைதான் உட்கார்ந்து படிக்க வேண்டியது. இரண்டையும் சேர்க்கும் உத்தி ஒன்றும் டிரான்ஸில் உண்டு. இசை படிப்படியாக ஏறும் பில்டப் முழுக்க பேஸை ஷட்ஜத்திலேயே நிறுத்திவிட்டு, மேலே நான்கு கார்டுகளையும் சுற்றவிடுவார்கள். அந்த ஏற்றம் உடைந்து தாளம் முழுதாக இறங்கும் டிராப் வரும் இடத்தில்தான் பேஸ் த, க, நி என்று கார்டுகளோடு சேர்ந்து நகரத் தொடங்கும்.