வெண்புள்ளியும் தன்னார்வமும்

சென்ற மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தில்லியில் எங்கள் குடியிருப்பில் வசிக்கும் தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மையார் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு எங்கள் இல்லத்திற்கு வந்தார். மகளுக்கு வயது இருபது. கைவிரல்களிலும் உதட்டோரத்திலும் வெண்புள்ளிகள் தோன்றி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவள் சிகிச்சை பெற்றுவரும் மருத்துவமனையில் ஓர் ஆராய்ச்சிக்கு அவளை அழைத்திருந்தார்கள். அதற்குரிய படிவம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் பதினோரு பக்கங்களுக்கு நீண்டிருந்தது.

“தம்பி, நீங்கள் மொழிபெயர்ப்பு உத்தியோகத்தில் இருப்பவர். இதைப் படித்துச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா?” என்று அம்மையார் கேட்டார்.

உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அன்றிரவு அப்படிவத்தைப் படித்ததும், அதன் பின் சில வாரங்கள் நூல்களில் தேடி அறிந்ததும் சேர்ந்ததே இப்பேச்சு. தாய்மொழி வழங்காத ஊர்களில் வாழும் நேயர்கள் பலருக்கும் இத்தகைய காகிதம் ஒருநாள் கைக்கு வரக்கூடும்.

வெண்புள்ளி நமக்குப் புதிய நோயன்று. அதர்வ வேதத்தின் முதற் காண்டத்திலேயே, தோலின் வெண்மையை அகற்றுமாறு மூலிகையை வேண்டும் சூக்தங்கள் இரண்டு காணப்படுகின்றன. பிற்காலத்து ஆயுர்வேத ஆசிரியர்கள் இதனைச் ‘சுவித்திரம்’ என்று பெயரிட்டு, குஷ்ட நோய்களைக் கூறும் அத்தியாயத்திலேயே சேர்த்துப் பேசினர். அந்தச் சேர்க்கையால் விளைந்த துன்பம் கொஞ்சமன்று. தமிழில் ‘வெண்குஷ்டம்’ என்ற பெயர் நிலைத்தது, பெயரைக் கேட்டவர்கள் நோயாளியை விட்டு விலகினர், திருமணங்கள் தடைப்பட்டன. தொழுநோய்க்குக் காரணமான கிருமியை நார்வே நாட்டு ஹான்சன் 1873இல் கண்டறிந்தார். வெண்புள்ளிக்கோ கிருமி எதுவும் இல்லை. அது எவ்விதத்தும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. உலக மக்களில் நூற்றுக்கு அரை முதல் 2 பேர் வரை இதனை உடையவர்கள் என்று கணக்கிட்டிருக்கின்றனர்.

பண்டைய வைத்தியர்கள் வியக்கத்தக்க ஓர் உண்மையைக் கண்டிருந்தனர். நம் நாட்டில் கார்போகரிசி என்னும் விதையைப் பயன்படுத்தி, நோயாளியை வெயிலில் இருக்கச் செய்தனர். வட ஆப்பிரிக்காவில் பெர்பெர் குடியினர் வேறொரு செடியின் விதையை இதே முறையில் வழங்கிவந்ததை, 1248இல் டமாஸ்கஸில் காலமான அறிஞர் இப்னு அல்பைதார் குறித்து வைத்திருக்கிறார். கடல்கள் இடையிட்ட இரு நிலங்களில் வெவ்வேறு செடிகளைக் கொண்டு ஒரே வழியைக் கண்டிருக்கிறார்கள். அதன் இரகசியம் 20ஆம் நூற்றாண்டில்தான் வெளிப்பட்டது. 1933இல் ஜோயிஸ், மஞ்சுநாத், வெங்கட ராவ் என்ற இந்திய இரசாயன அறிஞர்கள் கார்போகரிசியிலிருந்து சோரலென் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். 1947இல் எகிப்திய அறிஞர்கள் நைல் நதிக்கரைச் செடியிலிருந்து அதே இனத்தைச் சேர்ந்த பொருளைப் பிரித்தனர். மறு ஆண்டே, கெய்ரோவைச் சேர்ந்த சரும வைத்தியர் எல் மோப்தி அதனை நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட பலனை வெளியிட்டார். இப்பொருள் தோலைச் சூரிய ஒளிக்கு மிகவும் இளகியதாக்குகிறது. அளவறிந்து வெயில் பட்டால் நிறம் திரும்பக்கூடும். அளவு மீறினால் தோல் வெந்து கொப்புளிக்கும். எத்தனை நாழிகை வெயில் போதும், எவ்வளவு மருந்து தாங்கும் என்பதையெல்லாம் தம் உடம்பில் தாங்கிக் காட்டியவர்கள் நோயாளிகளே. அவர்களுடைய பெயர்கள் நூல்களில் இல்லை.

ஆராய்ச்சி எப்போதும் எண்ணிய கரையில் சேர்வதில்லை. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்துச் சரும நிபுணர் ஏரன் லேர்னர், வெண்புள்ளி போன்ற நிற நோய்களுக்கு உதவும் என்ற நம்பிக்கையுடன் மாட்டு மூளையின் பினியல் சுரப்பிகளை ஏராளமாகத் திரட்டி ஆராய்ந்து, 1958இல் மெலட்டோனின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். தவளையின் தோலை அது வெளுக்கச் செய்தது; மனிதர்க்கு உறக்கத்தையே தந்தது. ஆகவே, ஆராய்ச்சியில் சேர்பவர் தமக்கே குணம் கிட்டும் என்று எண்ணிச் சேர்வது சரியன்று. கிட்டினும் கிட்டலாம், பிறருக்குப் பிற்காலத்தில் பயன்படுவதே அதன் முதல் நோக்கம்.

‘வாலண்டியர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இன்று நாம் ‘தன்னார்வலர்’ என்று எழுதுகிறோம். அச்சொல்லில் ‘தன்’ என்ற பகுதி எந்த அளவுக்கு மெய் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிலடெல்பியா நகரத்து ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை, ஆல்பர்ட் கிளிக்மன் என்ற பெயர்பெற்ற சரும நிபுணர் கைதிகளின் தோலில் எண்ணற்ற சோதனைகளை நடத்தினார். கைதிகளில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பணம் கொடுக்கப்பட்டது, கையொப்பமும் வாங்கப்பட்டது. ஆயினும் காசுக்கு வேறு வழியற்று, பூசப்படுவது இன்னதென்றும் தெரியாமல் முதுகைக் காட்டியவர்களைத் தன்னார்வலர் என்று எவ்வாறு அழைப்பது? நாஜி வைத்தியர்களின் கொடுமைகளை விசாரித்த நூரம்பர்க் நீதிமன்றம், மனிதனின் சுயேச்சையான சம்மதமின்றிச் சோதனை கூடாது என்று 1947இலேயே விதித்திருந்தது. அதன் பின்னரும் இது நடைபெற்றது. 2022இல்தான் அந்நகர நிர்வாகம் பகிரங்கமாக மன்னிப்புக் கோரியது.

உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஹெல்சிங்கி நகரில் ஒரு பிரகடனம் செய்தது. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980இல் தன் முதல் நெறிமுறைகளை வெளியிட்டது. 2019ஆம் ஆண்டின் விதிகள் புதிய மருந்துச் சோதனைகளுக்குச் சட்ட வலிமை உடையவை. நெறிக்குழு ஒன்றின் அனுமதி வேண்டும். சோதனையால் தீங்கு நேரின் இலவசச் சிகிச்சையும் நஷ்ட ஈடும் வேண்டும். காரணம் கூறாமலே எந்நேரமும் விலகிக்கொள்ளலாம். படிவத்தின் பிரதி பங்கேற்பவர் கையில் இருக்க வேண்டும். விளக்கம், பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் அமைய வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று.

இவ்வளவு காவல் இருக்க, ஒதுங்கியே இருந்துவிட்டால் என்ன? அதனாலும் நஷ்டம் உண்டு. 2010இல் வெண்புள்ளியின் பரம்பரைக் கூறுகளை ஆராய்ந்த பெரிய ஆய்வு ஒன்றில் 1,514 நோயாளிகள் இரத்தம் முதலிய மாதிரிகளை அளித்தனர். அனைவரும் ஐரோப்பிய வழியினர். வேறு சிலர், தோலை மெல்ல உறிஞ்சும் கருவிக்குக் கையை நீட்டி, சிறு கொப்புளங்களை எழுப்ப அனுமதித்தனர். அக்கொப்புள நீரை ஆராய்ந்தபோது, உடலைக் காக்க வேண்டிய அணுக்களே நிறம் தரும் அணுக்களை எவ்வாறு தாக்குகின்றன என்பது தெளிவாயிற்று. அத்தாக்குதலுக்குரிய சைகையைத் தடுக்கும் ருக்ஸோலிடினிப் என்ற களிம்பை, 674 பேர் பங்கேற்ற இரு சோதனைகளில் பரிசோதித்தனர். மூவரில் ஒருவருக்கு முதல் 24 வாரங்கள் மருந்தற்ற வெறுங்களிம்பே கிடைத்தது. தமக்கு எது கிடைக்கிறதென்று அவர்கள் அறியார். மருந்து பெற்றவர்களில் பத்தில் மூவருக்கு முகத்தில் நிறம் முக்கால் பங்கோ அதற்கு மேலோ திரும்பியது. வெறுங்களிம்பில் பத்தில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. 2022 ஜூலையில் அமெரிக்க அரசு அம்மருந்தை வெண்புள்ளிக்கு அனுமதித்தது. அச்சோதனைகளிலும் வெள்ளையரே மிகுதி. வெண்புள்ளி பளிச்சென்று தெரிவதும் அதனால் மனம் நோவதும் நம்மைப் போன்ற கருநிறத்தாரிடையே அதிகம். நம் தோலைப் பற்றிய அறிவோ குறைவு. நாமும் பங்கேற்றாலன்றி அக்குறை தீராது.

அடுத்த ஞாயிறு அம்மையாரும் மகளும் மீண்டும் வந்தனர். படிவத்தின் சாரத்தைத் தமிழில் நான்கு பக்கங்களில் எழுதி வைத்திருந்தேன். அம்மையார் கை நீட்டினார். “அம்மா, கையொப்பமிட வேண்டியவள் உங்கள் மகள். அவளே முதலில் படிக்கட்டும்” என்றேன். அம்மையாருக்குச் சற்று வருத்தந்தான். ஆனாலும் பேசாமல் அமர்ந்திருந்தார்.

அப்பெண் இருமுறை படித்தாள். “வெறுங்களிம்பு என் பங்குக்கு வந்தால், ஆராய்ச்சி முடிந்த பிறகு மருந்து கொடுப்பார்களா, சித்தப்பா? நடுவில் நான் விலகினால், இப்போது நடக்கும் சிகிச்சையை நிறுத்திவிடுவார்களா? என் முகத்தைப் படம் பிடித்தால் அது யார் யாரிடம் போகும்?” என்று கேட்டாள். இரண்டாவது கேள்விக்குப் படிவத்திலேயே விடை இருந்தது, நிறுத்தக் கூடாது. மற்ற இரண்டிற்கும் அதில் தெளிவான விடை இல்லை. அவற்றை ஒரு தாளில் எழுதி, தமிழ்ப் படிவம் வேண்டுமென்ற கோரிக்கையையும் சேர்த்து மருத்துவமனையில் கொடுத்தாள். மூன்று வாரங்கள் சென்று விடைகளும் வந்தன, தமிழ்ப் படிவமும் வந்தது. அதன் மொழிநடையில் எனக்குச் சில குறைகள் தோன்றின. பொருள் விளங்குவதில் குறையில்லை.

அவள் அதனை முழுவதும் படித்துவிட்டுத் தமிழில் கையொப்பமிட்டாள். களிம்பு எதுவென்று அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. வாரந்தோறும் தவறாமல் போய்வருகிறாள்; படிவத்தின் பிரதி அவளுடைய பெட்டியில் இருக்கிறது.