எலும்பை வேகவைத்தவர்கள்: தென்கிழக்காசியத் தெருவுணவின் வரலாறு குறித்து



நினைவுச் சொற்பொழிவு என்றால் இலக்கியத்தையோ அரசியலையோ பேசுவது வழக்கம். நான் இன்று தெருவோரச் சாப்பாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். அதுவும் ஹனோய், பாங்காக், பினாங்கு, சிங்கப்பூர்த் தெருக்களின் சாப்பாட்டை. இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கலாம். தின்னும் பொருளை வைத்து மனிதரை இழிந்தவர் என்று முத்திரை குத்திய நாட்டில் பிறந்தவர்கள் நாம். 1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதவர்கள்' என்னும் நூலில், தீண்டாமையின் தோற்றத்தை அண்ணல் அம்பேத்கர் மாட்டிறைச்சி உண்பதோடு தொடர்புபடுத்தி ஆராய்ந்தார். உணவின் வரலாறு நமக்குப் பொழுதுபோக்காக இருக்க முடியாது என்பதை அவர் அன்றே காட்டிவிட்டார்.

எந்த உணவைப் பற்றிப் படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும். இது யாருடைய பசிக்காகச் சமைக்கப்பட்டது? எந்தப் பொருள் மலிவாகக் கிடைத்ததால் சமைக்கப்பட்டது? பிறகு யாருடைய சொத்தாக அறிவிக்கப்பட்டது? இந்தக் கேள்விகளோடு சில தெருக்களுக்குப் போய்வருவோம்.

முதலில் வியட்நாம். இன்று அந்த நாட்டின் அடையாளமாக உலகம் அறிந்த உணவு 'ஃபோ'. அரிசி நூடுல்ஸின் மேல் கொதிக்கும் மாட்டெலும்புச் சாற்றை ஊற்றி, மெல்லிய இறைச்சித் துண்டுகளைப் போட்டுத் தருவார்கள். சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம், அன்னாசிப்பூ, பட்டை ஆகியவை சாற்றுக்கு மணம் தருகின்றன. இது பழங்கால அரண்மனை உணவு அன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் இடையில், வட வியட்நாமின் நாம் தின் பகுதியிலும் ஹனோயிலும் உருவானது.

அதற்கு முன்பு அங்கே மாடு பெரும்பாலும் உழவுக்கானது. உணவுக்காக அதை அறுப்பது அரிது. பிரெஞ்சு ஆட்சி வந்தபின் அதிகாரிகளுக்கும் படையினருக்கும் மாட்டிறைச்சி தேவைப்பட்டது. நல்ல சதை அவர்கள் மேசைக்குப் போனது. எலும்பும் ஒட்டுச்சதையும் மலிவாக மிஞ்சின. எருமைக்கறியும் நூடுல்ஸும் விற்றுவந்த தெரு வியாபாரிகள் அந்த எலும்பை வாங்கி மணிக்கணக்கில் வேகவைத்தார்கள். தோள்தடியின் ஒரு முனையில் அடுப்பும் சாற்றுப் பானையும், மறுமுனையில் கிண்ணமும் நூடுல்ஸும் தொங்க, தெருத்தெருவாகச் சுமந்து விற்றார்கள். படகுத்துறைக் கூலிகளும் ஆலைத் தொழிலாளர்களும் வாங்கிக் குடித்தார்கள். 1954இல் நாடு இரண்டானபோது வடக்கிலிருந்து தெற்கே போன லட்சக்கணக்கான மக்களோடு ஃபோவும் சைகோனில் பெருகியது.

இங்கே சற்று நிற்போம். எலும்பு, குடல், ரத்தம், ஒட்டுச்சதை ஆகியவற்றை வைத்துச் சமைக்கும் கலை நம் சேரிகளிலும் உண்டு. ரத்தப் பொரியலும் குடல் குழம்பும் உப்புக்கண்டமும் நம் வீட்டுப் பெண்களின் அறிவிலிருந்து வந்தவை. எதையும் வீணாக்காமல், கெடாமல் காத்து, சுவையாக்கும் அறிவு அது. வியட்நாமிலும் நிலவுடைமை இருந்தது, வறுமை இருந்தது, ஏற்றத்தாழ்வு இருந்தது. ஆனால் எலும்பை வேகவைத்தவரின் பேரப்பிள்ளை மேல் அந்த எலும்பு பிறப்பின் முத்திரையாக ஒட்டிக்கொள்ளவில்லை. அங்கே கூலிகளின் சாறு தேசத்தின் உணவானது. இங்கே அதே எலும்பு தீட்டானது. பொருள் ஒன்றுதான். அதற்கு விலை வைத்த சமூகம் வேறு.

அடுத்து மலாயாவின் துறைமுகங்கள். கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் புகழ்பெற்ற 'பாக் குட் தே' என்பதற்கு இறைச்சி எலும்புத் தேநீர் என்று பொருள். அதில் தேயிலை கிடையாது. பன்றியின் விலா எலும்பை மூலிகைகளோடும் பூண்டோடும் கொதிக்கவைத்த சாறு அது. தெற்குச் சீனத்திலிருந்து வந்து மூட்டை தூக்கிய கூலிகளின் உணவாக அதை நினைவுகூர்கிறார்கள்.

பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் 'நாசி கண்டார்' விற்றார்கள். மலாய் மொழியில் நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோளில் சுமக்கும் காவடித்தடி. ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறுபக்கம் குழம்புச் சட்டி. துறைமுகத் தொழிலாளர்கள்தான் முதல் வாடிக்கையாளர்கள். சமைத்தவர்களை மக்கள் 'மாமாக்' என்று அழைத்தார்கள். 'மாமா' என்ற நம் உறவுச்சொல்லிலிருந்து வந்த பெயர் அது. சீனர்களின் மஞ்சள் நூடுல்ஸை எடுத்து, மிளகாய் விழுதும் தக்காளியும் உருளைக்கிழங்கும் சேர்த்து வறுத்து 'மீ கோரெங் மாமாக்' ஆக்கியவர்களும் இவர்களே. அதிலுள்ள மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. ஒரே தட்டில் இத்தனை பேரின் பயணம் கிடக்கும்போது 'தூய உணவு' என்ற பேச்சுக்கு இடம் ஏது?

ஆனால் தெருவில் ஒன்றாகச் சாப்பிட்டதால் சாதி ஒழிந்துவிட்டது என்று நான் சொன்னால் அது பொய். கங்காணிகள் திரட்டிக் கப்பலேற்றிய தமிழ்த் தொழிலாளர்களில் கணிசமானோர் பறையரும் பள்ளரும்தான். சாதியும் அவர்களோடு கப்பலேறியது. ரப்பர்த் தோட்டங்களில் ஆதிதிராவிடருக்குத் தனி லயங்கள் ஒதுக்கப்பட்டதுண்டு. 1929இன் இறுதியில் பெரியார் மலாயா சென்றதும், 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' தொடங்கியதும் அங்கே சீர்திருத்தம் பேச வேண்டிய தேவை இருந்ததால்தான். பல இனத்தவரும் பக்கத்தில் உட்கார்ந்து உண்ணும் தெரு ஒரு வாய்ப்பைத் திறந்தது. அதைச் சமத்துவமாக மாற்றுவதற்குப் போராட்டம் தேவைப்பட்டது. இரட்டைக் குவளையைக் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். உணவு யாருடைய சொத்தாகிறது? தாய்லாந்தின் 'பாட் தாய்' இதற்கு நல்ல பாடம். 1938இல் பிரதமரான பிபுன் சொங்க்ராம் தேசியவாதத்தை அரசின் கொள்கையாக்கினார். 1939இல் சயாம் என்ற பெயர் தாய்லாந்து ஆனது. உடையிலிருந்து மொழிவரை மக்கள் எப்படி நடக்க வேண்டும் என்று அரசு கட்டளைகள் பிறப்பித்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நூடுல்ஸ் சாப்பிடுமாறு மக்களை ஊக்குவித்தது. அரிசி நூடுல்ஸும் அதை வாணலியில் வறுக்கும் முறையும் சீனக் குடியேறிகள் கொண்டுவந்தவை. புளி, பனைவெல்லம், மீன்சாறு, காய்ந்த இறால் சேர்த்த அந்த உணவுக்குத் 'தாய் முறையில் வறுத்தது' என்ற பெயர் நிலைத்தது. அதே ஆட்சியில்தான் சீனப் பள்ளிகள் மூடப்பட்டன, சில தொழில்களில் சீனர்களுக்குத் தடை வந்தது. வாணலி தேசியமாயிற்று. வாணலியைக் கொண்டுவந்தவர் அந்நியராயினர்.

இது பழைய கதை என்று எண்ண வேண்டாம். 2016 முதல் பினாங்கு மாநில அரசு, அங்குள்ள புகழ்பெற்ற தெருவுணவுகளை வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தலைமைச் சமையல்காரர்களாக நின்று சமைக்கத் தடை விதித்தது. பாரம்பரியச் சுவையைக் காப்பதற்காக என்றார்கள். அந்தப் பட்டியலில் 'ஹொக்கியன் மீ'யும் உண்டு. ஹொக்கியன் என்பது சீனத்தின் ஃபுஜியன் பகுதியிலிருந்து வந்த மக்களின் பெயர். குடியேறியவரின் பெயரைத் தாங்கிய உணவைக் காக்க, இன்று குடியேறுபவரை அடுப்படியிலிருந்து விலக்குகிறார்கள். நேற்றைய கூலியின் பேரன் இன்றைய கூலியைப் பார்த்து 'உன் கை பட்டால் சுவை கெடும்' என்று சொல்கிற நிலை. இந்த வாக்கியத்தின் ஓசை நம் காதுக்குப் பழக்கமானது.

சிங்கப்பூரில் 1968, 69ஆம் ஆண்டுகளில் தெரு வியாபாரிகள் பதிவு செய்யப்பட்டார்கள். 1971 முதல் உணவங்காடிகள் கட்டப்பட்டு, 1986க்குள் அவர்கள் தெருவிலிருந்து அங்கே மாற்றப்பட்டார்கள். தண்ணீரும் கழிவுநீர் வசதியும் கிடைத்தது நன்மைதான். 2020 டிசம்பரில் அந்த உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. 2024இல் மலேசிய அரசு பாக் குட் தேயைத் தேசிய மரபுணவுகளில் ஒன்றாக அறிவித்தபோது, பன்றி இறைச்சி எப்படித் தேசிய மரபாகும் என்று எதிர்ப்பு கிளம்பியது. யாருடைய தட்டு தேசத்தின் தட்டு என்ற சண்டை அங்கும் முடியவில்லை.

தோழர்களே, உணவு உயர்ந்தால் அதைச் சமைத்த மக்களும் தானாக உயர்வார்கள் என்று நம்பிவிடக் கூடாது. நம் ஊர்களிலும் சேரியின் குடல் குழம்பு உணவகங்களின் விலைப்பட்டியலில் ஏறிவருகிறது. நம்மை வாசலில் நிறுத்திவிட்டு நம் குழம்பை மட்டும் உள்ளே அழைத்துக்கொள்வது சாதிக்குக் கடினமான வேலையில்லை. எனவே சமையல் குறிப்போடு சமைத்தவரின் வரலாற்றையும் எழுத வேண்டியிருக்கிறது. ஹனோயில் தோள்தடி சுமந்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. நம் பாட்டிமார் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். மாணவர்களே, இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்தப் பஞ்சத்தில் எதைச் சமைத்தார்கள், யார் வீட்டுக் கழிவு தங்கள் வீட்டு உலைக்கு வந்தது, எதை உண்டதற்காக யார் அவமதித்தார்கள் என்று கேட்டு, அவர்கள் பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதிவையுங்கள்.

 ஜெய்பீம்.