வெறும் இரைச்சல் என்று ஒதுக்கப்பட்ட 'மாயா'

எம்.ஐ.ஏ. என்று சொன்னால் நம்மில் பெரும்பாலானோருக்கு ஒரே ஒரு பாட்டுதான் ஞாபகம் வரும். 'பேப்பர் பிளேன்ஸ்'. துப்பாக்கி வெடிக்கிற சத்தமும் கல்லாப்பெட்டி திறக்கிற சத்தமும் கலந்த அந்தக் கோரஸ். 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில் வந்த பிறகு அது எங்கள் ஊர் பஸ்களில்கூட ஓடியது. ஆனால் அவர் 2010இல் தன் சொந்தப் பெயரையே தலைப்பாக வைத்து வெளியிட்ட 'மாயா' ஆல்பத்தை முழுசாகக் கேட்டவர்கள் எத்தனை பேர்? பாராட்டியவர்களும் சரி, திட்டியவர்களும் சரி, அதைப் பற்றிப் பேசிய அளவுக்கு அதைக் கேட்கவில்லை என்பதுதான் என் எண்ணம். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் காரணம் புரியும்.

மாதங்கி மாயா அருள்பிரகாசம் 1975இல் லண்டனில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போது குடும்பம் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. 80களின் நடுவில் அகதியாகத் திரும்பவும் லண்டன். அங்கே சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் சினிமா படித்தார். பாடகியாவதற்கு முன்னால் அவர் ஓர் ஓவியர். ஸ்டென்சிலும் ஸ்ப்ரே பெயின்டும்தான் அவருடைய ஆயுதங்கள். 'எலாஸ்டிகா' என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 2000ஆம் ஆண்டு ஆல்பத்துக்கு அட்டைப்படம் செய்து கொடுத்தார். அந்தக் குழுவோடு சுற்றுப்பயணம் போனபோது, பீச்சஸ் என்ற பாடகி ரோலண்ட் எம்சி-505 என்ற சின்ன டிரம் மெஷினை அவருக்கு அறிமுகப்படுத்தினார். இசை படிக்காத ஒரு ஓவியர் கையில் ஒரு மெஷின். எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது.

முதல் ஆல்பம் 'அருளர்' (2005) அப்பாவின் இயக்கப் பெயர். இரண்டாவது 'கலா' (2007) அம்மாவின் பெயர். அமெரிக்க விசா சிக்கலானதால் பல நாடுகளுக்குப் போய் 'கலா'வைப் பதிவு செய்தார். தமிழ்நாட்டுக்கு வந்து உறுமி அடிப்பவர்களைக் கூட்டிப் பதிவு செய்தார். 'பேர்ட் ஃப்ளூ' பாட்டில் கேட்கிற அந்த உறுமி நம்ம காதுக்குத் திருவிழாச் சத்தம். மேற்கத்தியக் காதுக்கு அது புது ருசி. 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை 2007இன் சிறந்த ஆல்பம் என்று 'கலா'வைத்தான் தேர்ந்தெடுத்தது.

2009 பெப்ரவரி. நிறைமாத வயிற்றோடு கிராமி மேடையில் பாடுகிறார். அதே நாட்களில் வன்னியில் யுத்தம் கடைசிக் கட்டத்தில் இருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் கிடைத்த நேரத்தில் அவர் அதைப் பற்றித்தான் பேசினார். சிலர் கை தட்டினார்கள், சிலர் பயங்கரவாதத்துக்கு ஆதரவு என்றார்கள். மே மாதம் யுத்தம் முடிந்தது. அடுத்த வருஷம் ஜூலையில் 'மாயா' வந்தது.

இனி ஆல்பத்துக்குள்ளே போவோம். பன்னிரண்டு பாட்டு. முதல் பாட்டு ஒரு நிமிஷம்கூட இல்லை. காதில் மாட்டுகிற ஹெட்போனில் ஆரம்பித்து, போன், இணையம், கூகுள் என்று ஒவ்வொன்றாகக் கோர்த்து, கடைசியில் அரசாங்கத்தில் கொண்டுபோய் முடிக்கிறது. இரண்டாவது பாட்டில் டிரில் மெஷின். உண்மையாகவே சுவரில் ஓட்டை போடுகிற மெஷின் சத்தம்தான் அங்கே தாளம். அட்டைப்படத்தில் யூடியூபின் சிவப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடி அவர் முகத்தை மறைத்திருக்கும்.

இதை ராக் ஆல்பம் என்று சொல்லலாமா என்று கேட்பீர்கள். 'பார்ன் ஃப்ரீ' பாட்டைக் கேளுங்கள். அதன் முதுகெலும்பு 'சூசைட்' என்ற நியூயார்க் குழு 1977இல் வெளியிட்ட 'கோஸ்ட் ரைடர்' பாட்டிலிருந்து எடுத்த சாம்பிள். அந்தக் குழுவில் இரண்டே பேர். மார்ட்டின் ரெவ் மலிவான ஓர் ஆர்கனையும் டிரம் மெஷினையும் ஓட்டுவார், ஆலன் வேகா கத்துவார். வேகாவும் அடிப்படையில் ஒரு சிற்பக் கலைஞர்தான். கிடாரே இல்லாமல் ராக் பண்ணினார்கள். 1978இல் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் கூட்டம் கூச்சல் போட்டு, மைக்கையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அந்த நிகழ்ச்சியின் பதிவு இன்றைக்கும் கிடைக்கிறது. பிற்காலத்தில் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் மாதிரிப் பெரிய ஆட்களே அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டோம் என்றார்கள். 2010இல் டேவிட் லெட்டர்மன் நிகழ்ச்சியில் எம்.ஐ.ஏ. இந்தப் பாட்டைப் பாடியபோது, கீபோர்டில் நின்றது அதே மார்ட்டின் ரெவ்.

'மெட்ஸ் அண்ட் ஃபெட்ஸ்' இன்னும் முரடு. 'ஸ்லே பெல்ஸ்' குழுவின் டெரெக் மில்லருடைய கிடார், ஸ்பீக்கர் கிழிந்த மாதிரி ஒலிக்கும். 'லவ்அலாட்' மாஸ்கோ ரயில் குண்டுவெடிப்பில் சம்பந்தப்பட்ட ஒரு பதின்வயதுப் பெண்ணின் செய்தியைத் தொட்டுப் பேசுகிறது. இவ்வளவு இரைச்சலுக்கு நடுவில் 'இட் டேக்ஸ் எ மசில்' என்று ஒரு மெதுவான ரெகே பாட்டு, 80களின் டச்சுப் பாட்டு ஒன்றின் மறுவடிவம். எல்லாமே அருமை என்று சொல்ல மாட்டேன். 'டெக்கில்லா' ஆறு நிமிஷத்துக்கு மேலே இழுக்கிறது, பாதியில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் தப்பு இல்லாத ஆல்பமும் துணிச்சலான ஆல்பமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

வெளிவந்தபோது என்ன நடந்தது? 'பிட்ச்ஃபோர்க்' தளம் பத்துக்கு 4.4 கொடுத்தது. செம்பட்டை முடி உள்ள இளைஞர்களைப் படையினர் வேட்டையாடுகிற 'பார்ன் ஃப்ரீ' வீடியோவுக்கு யூடியூப் தடை போட்டது. 'நியூயார்க் டைம்ஸ்' சஞ்சிகையின் நீண்ட கட்டுரை ஒன்றில் அவர் உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிட்டதே பெரிய விவாதமானது. விமர்சனங்களில் திரும்பத் திரும்ப வந்த குற்றச்சாட்டு ஒன்றுதான்: இது இரைச்சல், பாட்டு இல்லை.

எனக்கு இங்கேதான் சந்தேகம். 'கலா'வில் இருந்ததும் இரைச்சல்தான். ஆனால் அது உறுமி, சின்னப் பிள்ளைகளின் கூச்சல். 'மூன்றாம் உலகத்தின்' இரைச்சல். அதை ரசிக்க முடிந்தது. 'மாயா'வில் உறுமி இல்லை, டிரில் மெஷின்தான் இருந்தது. ஒரு தமிழ்ப் பெண் உறுமியோடு வந்தால் கலை, மெஷினோடு வந்தால் கிறுக்கு. நம்ம பக்கமும் கதை பெரிசாக வித்தியாசமில்லை. நாம் அவரை ஒரு கொடியாகப் பார்த்தோம். தூக்கிப் பிடிப்பதா, இறக்குவதா என்பதே சண்டை. கொடிக்குக் காது கொடுப்பவர் யார்?

2013 ஜூன் வந்தது. அமெரிக்க உளவு நிறுவனம் இணைய வழியாக எப்படி வேவு பார்க்கிறது என்பதை எட்வர்ட் ஸ்னோடன் வெளியே போட்டார். கிறுக்குத்தனம் என்று சிரித்த அந்த முதல் பாட்டு செய்தியாகிவிட்டது. அதே மாதம் கான்யே வெஸ்டின் 'யீசஸ்' வந்தது. துருப்பிடித்த, காதைக் கிழிக்கிற சத்தம். அதை வருஷத்தின் சிறந்த ஆல்பங்களில் ஒன்று என்று விமர்சகர்கள் கொண்டாடினார்கள். மூன்று வருஷத்துக்கு முன் அதே வேலையைச் செய்தவர் பேர் அப்போது எத்தனை பேருக்கு ஞாபகம் வந்தது?

சரி, ஹட்டன் பக்கத்திலிருந்து எழுதுகிற எனக்கு இதில் என்ன? நேர்மையாகச் சொன்னால், அந்த ஆல்பத்தில் தேயிலை இல்லை. அவர் 'தமிழர்' என்று சொல்லும்போது அதற்குள் 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட லயத்து மனுஷர் வருகிறார்களா என்பது தனிக் கேள்வி. ஆனால் எது இசை, எது இரைச்சல் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வி எங்களுக்குப் பழசு.

மலையகத்தின் முதல் தாளக் கருவி தப்பு. விடியக்காலையில் பெரட்டுக்கு ஆட்களை எழுப்ப அடித்தது அதுதான். சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்ற நெடுங்கவிதை தொடங்குவதும் அந்தச் சத்தத்தில்தான். காமன் கூத்துக்கும் தப்பு, சாவுக்கும் தப்பு. தேயிலை ஸ்டோரில் ராத்திரி பகலாக ஓடுகிற மெஷினுக்குப் பயந்து, அதற்கு ரோதைமுனி என்று பெயர் வைத்துக் கும்பிட்ட சனம் நாங்கள். மெஷின் சத்தம் எங்களுக்கு வெளிநாட்டு நாகரிகம் இல்லை, அது காவல் தெய்வத்தின் குரல். கோ. நடேசய்யரின் துணைவி மீனாட்சியம்மாள் 1940இல் ஒரு பாட்டுப் புத்தகம் போட்டார். சனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டுகளில் தோட்டத் தொழிலாளரின் அரசியலை ஏற்றிக் கூட்டங்களில் பாடினார். அடுத்தவர் மெட்டை எடுத்து நம்ம சொல்லைப் போடுவது. இன்றைக்கு அதற்குச் சாம்பிள் என்று பேர்.

ஆனாலும் தப்பைக் கச்சேரி மேடையில் நாம் ஏற்றியதில்லை. அதற்குச் சாதிதான் காரணம் என்பதை மறைக்கத் தேவையில்லை. இப்போது எங்கள் தோட்டத்துத் திருவிழாவில் தப்பு செட் சுருங்கி, லொறியில் ஸ்பீக்கர் பெட்டிகள் வருகின்றன. "அது சும்மா சத்தம் மச்சான்" என்று சொல்வது என்னோடு கம்பசில் படிக்கிற பெடியன்கள்தான். 2010இல் லண்டனிலும் நியூயார்க்கிலும் விமர்சகர்கள் சொன்னதும் கிட்டத்தட்ட அதே வார்த்தை.

அதனால் 'மாயா'வை இப்போது கேட்கச் சொல்கிறேன். எம்.ஐ.ஏ.வின் அரசியலை ஏற்றுக்கொள்ளச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் பேசிய பல விஷயங்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. ஆல்பம் வேறு. நல்ல ஹெட்போன் போட்டு, 'பார்ன் ஃப்ரீ'யில் ஆரம்பியுங்கள், பிறகு 'மெட்ஸ் அண்ட் ஃபெட்ஸ்', கடைசியாக 'இட் டேக்ஸ் எ மசில்'. முடிந்ததும் அடுத்த காமன் கூத்துக்குப் போய், தப்பு அடிக்கிறவர் பக்கத்தில் பத்து நிமிஷம் நில்லுங்கள். போனை வெளியில் எடுக்காமல்.