குளிர் ஓடிய ஓட்டம்

ரத்தம் நின்ற பிறகும் மூளைச் செல்கள் வேலையை விடுவதில்லை. கையிருப்பைத் தின்று தீர்க்கின்றன. சில நொடிகளில் ஆற்றல் சேமிப்பான பாஸ்போகிரியாட்டின் சரிகிறது, பின்னாலேயே ஆற்றல் தரும் ஏ.டி.பி. குறைகிறது, லாக்டிக் அமிலம் ஏறுகிறது. உயிருள்ள மூளையில் இவை எவ்வளவு இருந்தன என்று அளக்க வேண்டுமானால், மூளையை உறையவைக்கும் குளிர் இந்த மாற்றங்களை முந்தியாக வேண்டும்.

இந்த ஓட்டத்தில் முன்னோடிகளுள் ஒருவர் ஸ்டான்லி கெர். பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். 1935இல், மயக்கத்தில் வைத்த விலங்கின் மூளையை உடலில் இருந்தபடியே திரவக் காற்றால் உறையவைத்தார்.

பிறகு திரவ நைட்ரஜன் வந்தது. மைனஸ் 196 டிகிரி. சிறிய விலங்கென்றால் முழுசாகவே அதில் போட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் வெதுவெதுப்பான உடல் பட்டதும் அது கொதித்து, உடலைச் சுற்றி வாயுப் போர்வை விரிக்கிறது. காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர் உடனே வற்றாமல் உருண்டோடுவதும் இதனால்தான். எனவே நைட்ரஜனால் குளிரூட்டிய ஐசோபென்டேனில் திசுவை அமிழ்த்துவார்கள். அது அங்கே கொதிப்பதில்லை. சிறு துண்டுக்கு இது போதும். முழுத் தலையென்றால் எதில் போட்டாலும் உள்மூளைக்குக் குளிர் போய்ச் சேர்வதற்குள் ஏ.டி.பி. கரைந்திருக்கும்.

1973இல் இரண்டு விடைகள் வந்தன. ஸ்வீடனின் லுண்டில், போ சீஷோ குழுவினர் மயக்கிய எலியின் மண்டையோட்டின் மேல் புனல் பொருத்தி நைட்ரஜனை ஊற்றினார்கள். செயற்கைச் சுவாசம் ஓடும். குளிர் இறங்கிவரும் வரை அடிப்பகுதிக்கு ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் ரிச்சர்ட் வீச் குழுவினரோ, மயக்கமருந்தே மூளையின் வேதியியலை மாற்றிவிடுமே என்று, விழித்திருக்கும் எலியின் மண்டைக்குள் இரண்டு குழாய்களைப் பாய்ச்சி, காற்றழுத்தத்தால் மூளையை வெளியே ஊதித் தள்ளினார்கள். முன்பே குளிர்ந்திருந்த உலோகத் தட்டுகளுக்கிடையே அது மெல்லிய வில்லையாக உறைந்தது. எல்லாம் ஒரு நொடிக்குள். படிக்கவே உடல் கூசுகிறது. உறையவைக்கும் முறைகளில் வேகத்தில் இதற்கு நிகரில்லை. ஆனால் அந்த வில்லையில் புறணி எது, ஹிப்போகாம்பஸ் எது என்று யாராலும் பிரிக்க முடியாது. எனக்குப் புனல்தான் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது: இடமும் கலையவில்லை, ரத்தமும் நிற்கவில்லை.

எழுபதுகளில் குளிருக்கு எதிர்த்திசையிலும் போனார்கள். தலையில் நுண்ணலையைக் குவித்து, இந்த மாற்றங்களை நடத்தும் நொதிகளைச் சூட்டால் முடக்கினார்கள். அதன்பின் அறை வெப்பநிலையிலேயே மூளையைப் பகுதி பகுதியாக வெட்டியெடுக்கலாம், அவசரமே இல்லை.