விமானந்தாங்கிக் கப்பலில் அணி பிரியும் நேரம்

அணியாகத் திரும்பும் போர் விமானங்கள் விமானந்தாங்கிக் கப்பலைக் கடந்ததும், இறங்குவதற்காக ஒன்றன்பின் ஒன்றாக இடப்புறம் திரும்புவது அணி பிரிதல் எனப்படும்.

அமெரிக்கக் கடற்படையில், தெளிந்த வானுள்ள பகலில், அணி 800 அடி உயரத்தில் கப்பலின் வலப்பக்கமாக, கப்பல் செல்லும் திசையிலேயே பறந்து வரும். முதல் விமானம் திரும்பி, 600 அடிக்கு இறங்கி, எதிர்த்திசையில் செல்லும். இரண்டாவது விமானம் 20 நொடி கழித்துத் திரும்பினால், அந்த 20 நொடித் தொலைவைக் கூடுதலாக முன்னே பறந்திருக்கும். அதையே திரும்பியும் பறக்க வேண்டும். எனவே தளத்தைத் தொடும்போது இடைவெளி ஏறத்தாழ 40 நொடியாகிவிடும். பிரியும் இடைவெளி, இறங்கும் இடைவெளியில் பாதி என்பது இதனால்தான். பள்ளிக் கணக்குதான், ஆனால் பிழைத்தால் உயிருக்கு ஆபத்து.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தளங்கள் நேராக இருந்தன. இறங்கிய விமானத்தின் கொக்கியைக் கம்பியிலிருந்து விடுவித்து, தடுப்பு வலைக்கு அப்பால் நகர்த்தும்வரை அடுத்தது இறங்க முடியாது. அவசரப்பட்டு நெருங்கியதைச் சைகை அதிகாரி திருப்பி அனுப்புவார். எரிபொருள் தீரும் நிலையில் இன்னொரு சுற்று என்பது கடலில் விழுவதாகவும் முடியலாம்.

பிலிப்பைன் கடல் போரில், 1944 ஜூன் 20 அன்று, மாலையில் புறப்பட்ட 200-க்கும் மேற்பட்ட அமெரிக்க விமானங்கள் இருட்டில் திரும்பின. தளபதி மார்க் மிட்சர் கப்பல்களின் விளக்குகளை ஏற்றச் சொன்னார். அப்போதும் வரிசை குலைந்தது. பலர் அகப்பட்ட கப்பலில் இறங்கினர். எரிபொருள் தீர்ந்தும் தளத்தில் மோதியும் சுமார் 80 விமானங்கள் அழிந்தன. விமானிகளில் பெரும்பாலோர் மீட்கப்பட்டனர்.

1950-களில் பிரித்தானியக் கடற்படை அதிகாரி டென்னிஸ் கேம்பலின் யோசனைப்படி சாய்கோணத் தளம் வந்தது. கம்பியைத் தவறவிட்ட விமானம் மீண்டும் மேலெழ வழி கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு இறக்கத்துக்குப் பின்னும் கம்பியைப் பழைய நிலைக்கு இழுக்க நேரம் வேண்டும் என்பதால், நொடிக் கணக்கு இன்றும் நீங்கவில்லை.