கடையிலிருந்து பொட்டலத்துக்கு: கஞ்சாவும் காவல் நிலையமும்

'கஞ்சா விற்றவர் கைது' என்னும் செய்தி இடம்பெறாத வாரம் திருச்சிப் பதிப்பு நாளிதழ்களில் அரிது. எடமலைப்பட்டி புதூர், பாலக்கரை, காந்தி மார்க்கெட், ஸ்ரீரங்கம் என்று காவல் நிலையத்தின் பெயர் மட்டும் மாறும். 'ரகசியத் தகவலின்பேரில்', 'சந்தேகத்துக்கிடமாக நின்றவரைப் பிடித்து விசாரித்ததில்', 'பொட்டலங்கள் பறிமுதல்' என்னும் தொடர்கள் மாறுவதில்லை. மெய்க்கீர்த்திகளைப் போல வாய்பாடாகவே இறுகிவிட்ட இந்த உரைநடைக்குப் பின்னால் ஏறத்தாழ 140 ஆண்டுக் கால வரலாறு உண்டு. அதைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

இன்று பொட்டலத்தில் ஒளித்து விற்கப்படும் பொருள், ஒரு காலத்தில் உரிமம் பெற்ற கடையில் வெளிப்படையாக விற்கப்பட்டது. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் கள், சாராயத்தோடு போதைச் சரக்குகளின் விற்பனையையும் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. அரசின் கவலை வருவாயைப் பற்றியது. உரிமமின்றி விற்பவனே அன்றைய குற்றவாளி.

1893இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் டபிள்யூ.எஸ். கெயின் எழுப்பிய கேள்வியை அடுத்து, மாக்வொர்த் யங் தலைமையில் இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. சென்னை உள்ளிட்ட மாகாணங்களில் 1,193 சாட்சிகளை விசாரித்து, 1894இல் அது தன் அறிக்கையை நிறைவு செய்தது. அளவான பயன்பாட்டால் பெருந்தீங்கு இல்லை, முழுத்தடை தேவையுமில்லை, உசிதமுமில்லை என்பது அதன் முடிவு. வரியும் உரிமமும் போதும் என்றது. அறிவியல் விசாரணையும் கஜானாவின் நலனும் இங்கே ஒரே திசையில் நடந்தன என்பதை வாசகர் கவனிக்கலாம்.

காற்று திசை மாறியது வெளியிலிருந்து. 1925ஆம் ஆண்டின் ஜெனிவா அபின் உடன்படிக்கை கஞ்சாவையும் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் சேர்த்தது. அதன் வழியில் 1930இல் அபாயகரமான மருந்துகள் சட்டம் இந்தியாவில் இயற்றப்பட்டது. உள்நாட்டில் அறத்தின் குரலும் சேர்ந்துகொண்டது. ராஜாஜி அரசு 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் அது மாகாணம் முழுதும் பரவியது. கடை ஏலம் விட்ட அரசு கடையை மூடியது. உரிமத் தொகையை எண்ணிய கை லத்தியை எடுத்தது.

1961ஆம் ஆண்டின் ஐ.நா. ஒற்றை உடன்படிக்கை, கஞ்சாவின் மருத்துவம் சாராத பயன்பாட்டை நிறுத்த 25 ஆண்டு அவகாசம் தந்திருந்தது. 1985இல் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. பூத்த, காய்த்த நுனிகளே கஞ்சா; நுனியோடு சேராத இலையும் விதையும் அவ்வரையறைக்குள் வாரா. ஆகவேதான் காசியில் உரிமம் பெற்ற கடையில் பாங்கு விற்கிறது. ஒரே செடியின் இலை அங்கே வாணிகம். பூ எங்கும் சிறை.

இன்னொரு நுட்பம் எடை. 2001ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, ஒரு கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. முன்னதற்கு அதிகபட்சம் ஓராண்டு. பின்னதற்குக் குறைந்தது பத்தாண்டு. தண்டனை இவ்வளவு கடுமையாக இருப்பதால், சோதனை விதிகளும் கடுமையாகவே எழுதப்பட்டன. கிடைத்த தகவலை எழுத்தில் பதிய வேண்டும். உடலைச் சோதிக்குமுன், மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் சோதிக்கக் கோரும் உரிமை உண்டென்று பிடிபட்டவரிடம் சொல்ல வேண்டும். இதைப் பல்தேவ் சிங் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. தெருமுனையில், இருட்டில், இரண்டு காவலர்களோடு நிற்கும் ஓர் உதவி ஆய்வாளருக்கு இது எளிதன்று. ஆனால் அந்த விதி இல்லையென்றால், எவர் சட்டைப்பையிலும் பொட்டலம் 'கிடைக்க' முடியும்.

திருச்சிக்கு இதில் தனி இடம் அதன் பாதைகளால் வாய்த்தது. ஒரு காலத்தில் கம்பம், வருசநாட்டு மலைகள் கஞ்சாவுக்குப் பேர்போனவை. பின்னர் ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளிலிருந்து ரயிலிலும் சாலையிலும் சரக்கு வரத் தொடங்கியது. ரயில் சந்திப்புக்குத் தென்புறம், மதுரை செல்லும் வழியில் எடமலைப்பட்டி புதூர். சற்றுத் தள்ளிப் பஞ்சப்பூரில் 2025இல் திறக்கப்பட்ட பேருந்து முனையம். 1997இல் மாநகரக் காவல் ஆணையரகம் அமைந்த ஊர், இன்னும் பாதி ஊராகவும் பாதி நகரமாகவுமே விரிந்துகொண்டிருக்கிறது.

டி.ஜி.பி. சைலேந்திர பாபு 2021 டிசம்பரில் அறிவித்த 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' ஒரு மாதம் நடந்தது; பின்பு 2.0, 3.0 என்று தொடர்ந்தது. அப்பெயரை ஒரு தமிழாசிரியனாக நான் கவனிக்கிறேன். வேட்டை என்றால் எண்ணிக்கை வேண்டும். ஆயிரக்கணக்கில் கைதுகள் அறிவிக்கப்பட்டன. 1982ஆம் ஆண்டின் குண்டர் சட்டமும் கைகொடுத்தது. போதைப்பொருள் குற்றவாளியை விசாரணையின்றி ஓராண்டு வரை தடுத்துவைக்க அது இடந்தருகிறது. எதிர்த்திசையிலும் ஒரு நிகழ்வு: தமிழ்நாட்டிலிருந்து சென்ற தூஃபான் சிங் வழக்கில், இச்சட்டத்தின்கீழ் அதிகாரிகளிடம் அளிக்கும் வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாகக் கொள்ளலாகாது என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதற்கிடையே சந்தையும் மாறியது. இளைஞர்கள் சிலர் வலிநிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கத்துக்குத் திரும்பினர். டேபென்டடால் போன்றவை நெடுங்காலம் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் இல்லாமல், மருந்துச் சட்டத்தின் வரம்பிலேயே இருந்தன. வேட்டைக்காரன் காட்டைப் பார்த்திருக்க, மான் மருந்துக் கடைக்குள் புகுந்துவிட்டது.

1886ஆம் ஆண்டுச் சட்டம் 'உரிமம் உண்டா?' என்று கேட்டது. மதுவிலக்கு 'இது தகுமா?' என்று கேட்டது. 1985ஆம் ஆண்டுச் சட்டம் 'எத்தனை கிலோ?' என்று கேட்கிறது. வாங்குகிற பையனைப் பற்றிய கேள்வி சட்டத்தில் இல்லாமலில்லை. சிறிய அளவோடு பிடிபட்ட அல்லது உட்கொண்ட அடிமை, தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை பெற்றால் அவ்வழக்கிலிருந்து விலக்கு உண்டு என்கிறது 64ஏ பிரிவு. சிகிச்சையை முடிக்காவிட்டால் விலக்கு திரும்பப் பெறப்படலாம்.

2022 ஆகஸ்டு முதல், போதைக்கு எதிரான உறுதிமொழியைக் கல்லூரி மைதானங்களில் மாணவர்களோடு ஆசிரியர்களாகிய நாங்களும் கைநீட்டிச் சொல்லி வருகிறோம். எதைச் செய்யக்கூடாது என்பது அதில் தெளிவாக இருக்கிறது. ஏற்கெனவே செய்துவிட்டவன் எந்தக் கதவைத் தட்டலாம் என்பதையும் அதே ஒலிபெருக்கியில் படித்துக்காட்டலாம். கைதாகுமுன் அந்தப் பிரிவைக் கேள்விப்பட்டிருக்கும் ஒருவனாவது காவல் நிலையத்தின் வாய்பாட்டுச் செய்தியிலிருந்து தப்பக்கூடும்.