உவேனோ சந்தையில் சாப்பிடும் முன்

செர்ரி மலரும் பருவத்தில் ஜப்பான் போக நம் குடியிருப்பில் இரண்டு மூன்று குடும்பங்கள் திட்டமிட்டிருப்பதாகக் கேள்வி. டோக்கியோவில் மலர் பார்க்க நீங்களும் உவேனோ பூங்காவுக்குத்தான் போவீர்கள். சுற்றிவிட்டு இறங்கும்போது பசிக்கும். எதிரே ரயில் மேம்பாலத்தை ஒட்டியும் அதன் அடியிலும் நீளுகிறது அமேயோகோ சந்தை. சுமார் 400 கடைகள். குச்சியில் செருகிய அன்னாசி, சாஸ் தடவிய தாகோயாகி என்று கையில் வாங்கி அங்கேயே நின்று சாப்பிடலாம். தின்றுகொண்டே நடப்பதை அங்கே பலர் விரும்புவதில்லை. கடையருகிலேயே முடித்துக் குச்சியைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

1945 மார்ச் 10 அதிகாலைக் குண்டுவீச்சில் கிழக்கு டோக்கியோ எரிந்து சாம்பலானது. ஆகஸ்டில் போர் முடிந்தது, பசி முடியவில்லை. ரேஷனில் ஆளுக்கு நாளொன்றுக்கு 330 கிராமாக இருந்த அரிசி அந்த ஆண்டு சுமார் 300 கிராமானது. அதுவும் ஒழுங்காக வராது. அரிசிக்குப் பதில் சர்க்கரைவள்ளிக் கிழங்கோ பயறோ கிடைக்கும். வடக்கே கிராமங்களிலிருந்து வரும் ரயில்கள் உவேனோவில்தான் நிற்கும். மூட்டையில் கிழங்கும் அரிசியும் அந்த வழியாக வந்தன. மேம்பாலத்தின் அடியில் கள்ளச் சந்தை முளைத்தது. அன்றைய கடைகளில் கிடைத்தது மாவு உருண்டை போட்ட கஞ்சி, சுட்ட குடல், அமெரிக்க ராணுவச் சமையலறையில் மிஞ்சியதைக் கொதிக்கவைத்த குழம்பு. அந்தக் குழம்பில் சில நேரம் சிகரெட் துண்டும் கிடக்குமாம்.

1942ஆம் ஆண்டு உணவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி இந்த வியாபாரம் குற்றம். விற்றாலும் வாங்கினாலும் வழக்கு. டோக்கியோவில் அப்படிப்பட்ட வழக்குகளை விசாரித்தவர் நீதிபதி யமகுச்சி யோஷிதாதா. மற்றவர்களைத் தண்டித்துவிட்டு, தான் மட்டும் அங்கே வாங்கித் தின்பது சரியல்ல என்று ரேஷனை மட்டுமே நம்பி இருந்தார். அதிலும் பெரும்பகுதியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். 1947 அக்டோபரில், 33 வயதில், உணவுக் குறைவால் இறந்துபோனார். செய்தி வெளியானதும் நாடே அதிர்ந்தது. அவர் செய்தது நேர்மையா, பிடிவாதமா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த வீட்டில் அடுப்பு மூட்டிய அம்மாவைத்தான் முதலில் நினைப்பேன். ஊர் முழுக்க அந்தச் சந்தையில் வாங்கித்தான் உயிர் பிழைத்தது.

சந்தையின் பெயரும் அந்தக் காலத்தில் வந்ததுதான். ‘அமே’ என்றால் மிட்டாய். சர்க்கரை கிடைக்காத நாட்களில் கிழங்கைக் காய்ச்சிச் செய்த மிட்டாய்க் கடைகள் இங்கே வரிசையாக இருந்தன. 1950இல் கொரியப் போர் தொடங்கியபின் அமெரிக்க ராணுவப் பொருட்களும் விற்பனைக்கு வந்தன. ‘அமே’ அமெரிக்காவைக் குறிக்கிறது என்பாரும் உண்டு.

தாகோயாகி மட்டும் டோக்கியோ சரக்கல்ல. 1935இல் ஓசாகாவில் எண்டோ தொமேகிச்சி என்பவர் வண்டிக்கடையில் செய்தது. அதற்கு முன் மாவு உருண்டைக்குள் மாட்டுத் தசைநார் வைத்து ‘ரேடியோயாகி’ என்று விற்றுவந்தார். ரேடியோ அப்போது புதுமோகம். அகாஷி ஊர் வாடிக்கையாளர் ஒருவர் தங்கள் ஊரில் ஆக்டோபஸ் போடுவார்கள் என்று சொல்ல, இவரும் மாற்றினார். நம் பணியாரக் கல் மாதிரியேதான் அந்தக் கல்லும்! ஆரம்பத்தில் சாஸ் கிடையாது. மாவிலேயே சுவை சேர்த்திருப்பார். கெட்டிச் சாஸ் போருக்குப் பிறகு வந்தது. அரிசி இல்லாத அந்த ஆண்டுகளில் அமெரிக்கக் கோதுமை மாவு இறங்கியதும் இதுபோன்ற மாவுப் பண்டங்கள் வயிற்றை நிரப்பின.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: ஆக்டோபஸை எடுத்துவிட்டாலும் மாவில் மீன் சாறு இருக்கும். நீங்கள் அன்னாசியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழந்தைகளைச் சாக்லேட் கடைக்குக் கூட்டிப்போங்கள். ஒரு பைக்கு ஒரே விலை என்று கூவிக்கொண்டே, பைக்குள் இன்னொன்று, இன்னொன்று என்று போட்டுக்கொண்டே இருப்பார்கள்.